நிற்கத் தெரியாத நாதம்

வண்டியை ஓட வைப்பது பெரிய காரியமில்லை, நினைத்த இடத்தில் நிறுத்துவதுதான் காரியம் என்று எங்கள் பணிமனையில் பழைய மிஸ்திரி ஒருவர் அடிக்கடி சொல்வார். திருச்சியில் டிப்ளமோ முடித்த கையோடு 1981இல் மும்பைக்கு வந்து, ரயில்வேயில் பெட்டி, வேகன் பிரிவில் சேர்ந்தேன். 2020இல் ஓய்வு பெறும் வரை என் உத்தியோகத்தில் பாதிக்கு மேல் பிரேக்கோடுதான் கழிந்தது. சங்கீதத்தைப் பொறுத்தவரை நான் ரசிகன் மட்டுமே. நம் ஷண்முகானந்தா அரங்கில் நல்ல கச்சேரி என்றால் போய் உட்காருவேன், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவன் ஓர் அமெரிக்க மின்சாரப் பியானோவின் வயிற்றைத் திறந்து பார்த்த விவரத்தை எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது கீபோர்டு கற்கிறார்கள். பழைய வாத்தியம் ஒன்று விலைக்கு வந்தால் வாங்கலாமா, கோளாறு இருந்தால் தீர்க்க முடியுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

என்ன வாத்தியம் இது?

ஃபெண்டர் ரோட்ஸ் என்ற பெயரைச் சினிமா இசைக் குழுக்களில் வாசித்தவர்கள் அறிவார்கள். இதை உருவாக்கிய ஹெரால்ட் ரோட்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு பியானோ ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்த சிப்பாய்களுக்கு மன ஆறுதலாக, கழித்துப் போட்ட பி-17 குண்டுவீச்சு விமானங்களின் அலுமினியக் குழாய்களைக் கொண்டு, மடியில் வைத்து வாசிக்கும்படி 29 கட்டைகள் உள்ள சின்னப் பியானோ ஒன்றைச் செய்தார். கழிவுச் சாமானிலிருந்து வாத்தியம் பிறந்தது என்று படித்தபோதே எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. 1959இல் கிட்டார் செய்யும் லியோ ஃபெண்டரோடு கூட்டுச் சேர்ந்தார். 1965இல் ஃபெண்டர் நிறுவனத்தை சி.பி.எஸ். வாங்கிய பிறகு 73 கட்டைகள் கொண்ட பெரிய பியானோ கடைகளுக்கு வந்தது. 1983இல் யமாஹாவின் டி.எக்ஸ்.7 என்ற டிஜிட்டல் கீபோர்டு வந்ததும் இதன் மவுசு குறைந்தது. எண்பதுகளின் நடுவில் தயாரிப்பே நின்றது. ரோட்ஸ் 2000ஆம் ஆண்டு காலமானார்.

பெயர்தான் மின்சாரப் பியானோ. ஒலி பிறப்பது இரும்பில்தான். கட்டையை அழுத்தினால் ஒரு சின்னச் சுத்தியல் எழும்பி, டைன் எனப்படும் மெல்லிய எஃகுக் கம்பியைக் கீழிருந்து தட்டுகிறது. கம்பிக்கு மேலே டோன் பார் என்ற கனத்த உலோகப் பட்டை. பள்ளியில் பௌதிக வகுப்பில் இசைக்கவை ஒன்றைத் தட்டிக் காதருகே வைத்தார்களே, அதன் இரண்டு கால்களில் ஒன்று கம்பி, மற்றொன்று பட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் நுனிக்கு எதிரே காந்தமும் சுருளும் கொண்ட பிக்கப் இருக்கிறது. கம்பி ஆடினால் சுருளில் மின்னலை பிறக்கும். ஸ்டேஜ் என்ற வகைக்குத் தனியாகக் கரண்ட் கூடத் தேவையில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரைப் போல ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் போதும்.

பியானோவுக்கும் பிரேக் உண்டு

தட்டிய கம்பி தானாக நிற்காது. பல விநாடிகள் பாடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு டேம்பர் இருப்பது அதனால்தான். மெல்லிய உலோகத் தகடு ஒன்று வில்லைப் போல மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் ஒட்டிய கம்பளி ஃபெல்ட் துண்டு, கம்பியின் அடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. விரல் கட்டையை அழுத்தியதும், சுத்தியலின் வாலில் மாட்டிய துணி வார் அந்தத் தகட்டைக் கீழே இழுக்க, ஃபெல்ட் விலகுகிறது, கம்பி பாடுகிறது. விரலை எடுத்தால் ஃபெல்ட் மறுபடி எழும்பிக் கம்பியைப் பிடிக்கிறது. இந்த வாருக்கு அவர்கள் பிரைடில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குதிரைக்குப் போடும் கடிவாளத்துக்கும் அதே சொல்தான்.

ரயில்வேக்காரர்களுக்கு இது நன்றாகப் பழகிய ஏற்பாடு. நம் வண்டிகளின் ஏர் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருந்தால் பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தாலும் வண்டி நிற்குமே தவிர தறிகெட்டு ஓடாது. டேம்பரும் அப்படியே. அதன் இயல்பு பிடித்துக்கொண்டிருப்பது. யாராவது வேலை செய்தால்தான் அது விலகும். ஆகவே கோளாறும் இரண்டே விதம். ஒன்று, பிரேக் பிடிக்கவில்லை: விரலை எடுத்த பிறகும் சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். மற்றது, எங்கள் பாஷையில் பிரேக் பைண்டிங், அதாவது பிரேக் விடவில்லை: தட்டினால் 'டொக்' என்று மரத்தைத் தட்டிய சத்தம்தான் வரும்.

எங்கள் கட்டடத்துப் பியானோ

எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் கோவாக்காரக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டுக்காரர் ஹோட்டல் பேண்டுகளிலும் ரிக்கார்டிங் ஸ்டூடியோக்களிலும் வாசித்தவர். கப்பலில் வேலை பார்த்த அவர் மைத்துனர் 1978இல் கொண்டுவந்து கொடுத்த ரோட்ஸ் ஸ்டேஜ் பியானோ அவர் வீட்டு முன்னறையில் இருந்தது. 2019இல் அவர் தவறிப்போனார். அதன் பிறகு மூன்று வருஷம் அது துணி மடிக்கும் மேஜையாக இருந்தது.

இரண்டாவது மாடியில் நம் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். ஒன்பதாவது படிக்கும் பெண் மேற்கத்திய சங்கீதம் கற்கிறாள். அவள் அதை வாசித்துப் பார்க்க ஆசைப்பட்டாள். ஒரு ராகத்தின் நாலு சுரத்தை அடுத்தடுத்து வாசித்தால் நாலும் ஒன்றோடொன்று குழம்பி, கோயில் மணியையும் சேமக்கலத்தையும் சேர்த்து அடித்தாற்போல் இருந்தது. பார்க்க வந்த ரிப்பேர்க்காரர், உள்ளே கம்பிகள் எல்லாம் போய்விட்டன, அத்தனையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகைக்கு நல்ல புதுக் கீபோர்டே வாங்கிவிடலாம். 2022 ஜூலையில் ஒருநாள் அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு, "இன்ஜினியர் சாப், பழைய சாமான்காரன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். எடைக்குப் போட்டுவிடப் போகிறேன். நல்ல மரம் ஏதாவது உங்களுக்கு வேண்டுமா?" என்று இந்தியில் கேட்டார். கணவர் நாற்பது வருஷம் வாசித்த பெட்டி. கேட்ட குரலே சரியாக இல்லை.

"ஆன்ட்டி, ஞாயிறு வரை எனக்குக் கொடுங்கள்" என்றேன்.

பெட்டிப் பரிசோதகர்கள் நீளக் காம்புச் சுத்தியலால் ரயில் சக்கரத்தைத் தட்டிக் கேட்பதை வாசகர்கள் பழைய நாளில் ஸ்டேஷன்களில் பார்த்திருப்பார்கள். நல்ல சக்கரம் கணீரென்று பாடும், விரிசல் விட்டது செத்த ஒலி எழுப்பும். இந்தப் பியானோவின் கம்பிகள் கணீரென்றுதான் பாடின. பாடி முடிக்கத் தெரியாததுதான் குறை. கம்பி கெட்டிருந்தால் ஒலி குறையும், நீளாது. அந்தக் கணக்கு ஒத்துப்போனதால்தான் தைரியமாக மூடியைத் திறந்தேன்.

முதலில் நோட்டு, பிறகு ஸ்க்ரூடிரைவர்

மாடிப் பெண்ணை வரச் சொல்லி நோட்டில் 73 வரிசை கோடு போடச் சொன்னேன். அவள் கட்டை ஒவ்வொன்றாகத் தட்டி விரலை எடுக்க வேண்டும். 'சரி', 'நிற்கவில்லை', 'டொக்' என்ற மூன்றில் ஒன்றை நான் எழுதுவேன். இருபது கட்டைகள் ஆவதற்குள், "தாத்தா, நான் கையை எடுத்துட்டேன், அதுதான் எடுக்க மாட்டேங்குது!" என்றாள். கோளாற்றை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

இந்தப் பட்டியல்தான் பாதி வைத்தியம். ஒரே ஒரு பெட்டியில் பிரேக் கோளாறு என்றால் அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும். வண்டி முழுக்க என்றால் எஞ்சினையும் குழாயையும் பார்க்க வேண்டும். பியானோவிலும் எல்லாக் கட்டைகளுமா, பக்கத்துப் பக்கத்தில் ஒரு கும்பலா, அங்கொன்று இங்கொன்றா என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கக் கூடாது.

எல்லாச் சுரமும் நீண்டால்: எங்கள் பட்டியலில் ஏறக்குறைய எல்லாமே 'நிற்கவில்லை'. அப்படியானால் எல்லா டேம்பருக்கும் பொதுவாக உள்ள உறுப்பைச் சந்தேகிக்க வேண்டும். காலால் அழுத்தும் பெடல் ஒன்று உண்டு. அதிலிருந்து எழும் உலோகத் தண்டு, பெட்டியின் அடியில் நுழைந்து, உள்ளே குறுக்காக ஓடும் ஒரு சட்டத்தை இயக்கும். சட்டம் எல்லா டேம்பரையும் ஒரே சமயத்தில் கீழே தள்ளும். வாசிப்பவர் வேண்டுமென்றே ஒலியை நீட்டுவதற்கான ஏற்பாடு இது. அந்தத் தண்டை நீட்டலாம், குறுக்கலாம்.

நான் செய்த முதல் காரியம் தண்டைக் கழற்றி ஓரமாக வைத்ததுதான். மறுபடி வாசிக்கச் சொன்னேன். அறுபதுக்கு மேற்பட்ட கட்டைகள் பட்டென்று நின்றன! வீடு வெள்ளையடித்தபோது பியானோவின் சொந்தக் கால்கள் தொலைந்துபோய், தச்சர் ஒருவர் சற்றுக் குட்டையான ஸ்டாண்டு செய்து கொடுத்திருக்கிறார். பெட்டி இறங்கிவிட்டது, தண்டின் நீளம் மாறவில்லை. ஆகவே யாரும் மிதிக்காமலே பெடல் பாதி மிதிபட்ட நிலையில் இருந்திருக்கிறது. தண்டை ஒரு விரற்கடை குறைத்து, மேலே சிறு இடைவெளி இருக்கும்படி பூட்டினேன். செலவு ஒன்றுமில்லை.

கும்பலாக நீண்டால்: மிச்சம் 11 கட்டைகள் நிற்கவில்லை. அவற்றில் ஐந்து அடுத்தடுத்தவை. டேம்பர் தகடுகள் தொகுதி தொகுதியாக ஸ்க்ரூ போட்டுப் பொருத்தப்பட்டவை. அந்த இடத்தில் ஸ்க்ரூ தளர்ந்து தொகுதியே ஒரு பக்கம் இறங்கியிருந்தது. இறுக்கியதும் ஐந்தும் அடங்கின. மரத்தில் இறங்கும் ஸ்க்ரூவை அளவறிந்து இறுக்க வேண்டும். நட்டும் போல்ட்டும் போல நினைத்துத் திருகினால் மரத்துப் புரி போய்விடும்.

தனித்தனியாக நீண்டால்: பாக்கி ஆறு. இங்கேதான் பொறுமை வேண்டும். நான்கு சோதனைகளை இந்த வரிசையில் செய்தால் காரணம் அகப்படும்.

முதலாவது, ஒலிக்கிற கம்பியை விரலால் தொடுங்கள். நின்றால் குற்றவாளி அந்தக் கம்பிதான். நிற்காவிட்டால் வேறொரு கம்பி கூடவே அதிர்ந்து பாடுகிறது, அதைத் தேடுங்கள்.

இரண்டாவது, அழுத்திய கட்டையின் விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஒலி நின்றால் டேம்பர் மேல் பழியில்லை. கட்டை முழுவதும் எழும்பாததால் சுத்தியல் இறங்கவில்லை, வாரும் தளரவில்லை. எங்கள் ஆறில் இரண்டு இப்படி. மும்பை மழையில் கதவு, ஜன்னலே உப்பி மூட மறுக்கிறது. மரக் கட்டையும் அது உட்காரும் துணிப் பொதிவும் உப்பாதா? ஒன்று அக்டோபரில் தானாகவே சரியாயிற்று. மற்றதற்குப் பொதிவை லேசாக அழுத்திவிட வேண்டியிருந்தது.

மூன்றாவது, மெல்லிய மரக் குச்சியால் டேம்பர் தகட்டை மேல்நோக்கிச் சற்றே தாங்குங்கள். ஒலி நின்றால் ஃபெல்ட் நல்லது, தகட்டின் வில்விசை போதவில்லை. ஒரு கட்டைக்கு அப்படி இருந்தது. தகட்டை ஒரு நூலளவு மேலே வளைத்ததும் சரியாயிற்று. அதிகம் வளைத்தால் வேறு தொல்லை. அந்தத் தகட்டை இழுப்பது வாசிப்பவரின் விரல்தான் என்பதால் கட்டை கனத்துப்போகும்.

நான்காவது, தாங்கியும் நிற்காவிட்டால் ஃபெல்ட்டைப் பாருங்கள். வருஷக் கணக்காக ஒரே இடத்தில் கம்பி பட்டுப் பள்ளம் விழுந்திருக்கலாம், காய்ந்து இறுகியிருக்கலாம், நகர்ந்திருக்கலாம். எங்கள் பியானோவில் மூன்று துண்டுகளைப் பூச்சி தின்றிருந்தது. பட்டுப் புடவைக்கும் கம்பளிச் சால்வைக்கும் எமனாக வருகிற அதே அந்துப்பூச்சிதான். தாதரில் ஆர்மோனியம் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் அசல் கம்பளி ஃபெல்ட் கொடுத்தார். பழைய துண்டின் கனமும் அகலமும் பார்த்து வெட்டி ஒட்டினேன். பசையும் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

பாட மறுத்த ஒரு கட்டை

பட்டியலில் 'டொக்' என்று ஒன்றே ஒன்று இருந்தது. டைனும் சரி, பிக்கப்பும் சரி. டார்ச் அடித்துப் பார்த்தால் கடிவாள வார் இற்றுத் தொங்கிக்கொண்டிருந்தது. சுத்தியல் போய்த் தட்டுகிறது, டேம்பரோ கம்பியை விடவே இல்லை. பிரேக் போட்டபடி வண்டி இழுத்தால் என்ன ஆகுமோ அதுதான். அதே அகலமுள்ள பருத்தி நாடாவை, பக்கத்து வாரின் நீளத்துக்குச் சரியாக அளந்து கட்டினேன். இந்த நீளத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. நீளம் கூடினால் டேம்பர் விலகாது, குறைந்தால் கட்டையைத் தொடாதபோதும் விலகியே நிற்கும்.

கடைசியாக இன்னொரு சோதனை. பெடலை மிக மெதுவாக அழுத்தச் சொல்லி, டார்ச் வெளிச்சத்தில் ஃபெல்ட் வரிசையைப் பக்கவாட்டில் பார்த்தேன். எல்லாம் ஒரே சமயத்தில் கம்பியை விட்டு இறங்க வேண்டும். முந்திக்கொள்வதும் பிந்துவதும் இருந்தால் அவற்றின் தகட்டைத் திருத்த வேண்டும். பட்டாளத்து அணிவகுப்பு போல வரிசை இறங்கியதைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை மாலை அந்தப் பெண் தன் பாடத்தை வாசித்தாள். சுரங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய மௌனம் இருந்தது. சமையலறையிலிருந்து வந்து கதவருகில் நின்று கேட்ட ஆன்ட்டி, "அவர் கையை எடுத்தால் இப்படித்தான் டக்கென்று நிற்கும்" என்றார். பிறகு போனை எடுத்துப் பழைய சாமான்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் வந்து வாசிக்கலாம் என்று அந்தப் பெண்ணுக்கு அனுமதியும் கிடைத்தது.

செய்யக் கூடாதவை

எண்ணெய் விடாதீர்கள். ரயில்வேக்காரனுக்கு இதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஃபெல்ட்டும் மரமும் எண்ணெயைக் குடித்தால் பிறகு மீட்பில்லை. நிமிஷத்தில் ஒட்டும் பசை வேண்டாம். அது ஃபெல்ட்டுக்குள் ஊறிக் கல்லாக்கிவிடும். சாதாரண வெள்ளைப் பசையை ஒரு பொட்டு வைத்து ஓர் இரவு காய விடுங்கள். கைவேலைக் கடையில் விற்கும் செயற்கை ஃபெல்ட் உதவாது, கம்பளிதான் வேண்டும். டைன் மேல் சின்ன ஸ்பிரிங் ஒன்று சுற்றியிருக்கும். சுருதி அதில்தான் இருக்கிறது, அதை நகர்த்தாதீர்கள். ஒரே நாளில் இரண்டு இடங்களைத் திருத்தாதீர்கள். ஒன்றைத் திருத்தி வாசித்துப் பார்த்து எழுதிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கழற்றிய ஸ்க்ரூக்களை இடம் எழுதிய கவரில் போட்டு வையுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு

பழைய மின்சாரப் பியானோ பார்க்கப் போனால் முதலில் பெடலைக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி விடுங்கள். நீள்கிற சுரம் எத்தனை இருந்தாலும் பயப்பட வேண்டாம். அது ஃபெல்ட்டும் வாரும் ஸ்க்ரூவும் சம்பந்தப்பட்ட விஷயம். தட்டியவுடனே செத்துப்போகிற சுரம் பல இருந்தால், அவற்றுக்கு டேம்பர் விலகுகிறதா என்று பாருங்கள். விலகியும் செத்த ஒலி என்றால் கம்பியில் பழுது, அப்போது விலையைக் குறைத்துப் பேசுங்கள். சாதாரண மரப் பியானோவாக இருந்தால் உச்சத்தில் உள்ள சில கட்டைகளுக்கு டேம்பரே வைப்பதில்லை. அங்கே ஒலி நீண்டால் அது கோளாறாகாது.

வாங்கிய பிறகு மழைக்காலத்தில் மூடி வையுங்கள். அதற்காக மாதக் கணக்கில் திறக்காமலும் இருக்காதீர்கள். அந்துப்பூச்சிக்கு இருட்டும் அசையாத கம்பளியும்தான் பிடிக்கும். தினமும் அரை மணி நேரம் யாராவது வாசித்தால் அதைவிட நல்ல மருந்து கிடையாது.

சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிறு காலையில் சங்க வாசகசாலையில் என்னைப் பார்க்கலாம். 73 வரிசை போட்ட பட்டியலோடு வாருங்கள். டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் நான் கொண்டுவருகிறேன்.